வேலூர் மண்டி வீதியில் ஒரு விதைக்கடை: பொட்டலத்துக்குப் போகலாம், மூட்டைக்கு யோசிக்க வேண்டும்

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி, கே.வி. குப்பம் பக்கத்து விவசாயிகள் விதை வாங்க வேலூருக்கு வருவதென்றால், பெரும்பாலும் லாங்கு பஜார், மண்டி வீதி வட்டாரத்துக்குத்தான் வருகிறார்கள். காய்கறியை நேதாஜி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கைக்கு வந்த பணத்தில் அடுத்த பட்டத்துக்கான விதையையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது இங்கே நெடுநாள் பழக்கம். அப்படி நானும் சில ஆண்டுகளாகப் போய்வரும் ஒரு விதைக்கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகள் கடைக்காரருக்கு உரியவை. குறைகளில் பெரும்பகுதி நாட்டின் விதைச் சந்தைக்கு உரியவை. அவற்றை ஒரே ஒரு பெயர்ப்பலகையின்மேல் ஏற்றுவது நியாயமாகாது.

கடை குறுகலானது. வாசலில் கைத்தெளிப்பானும் தார்ப்பாயும் தொங்குகின்றன. உள்ளே ஒரு பக்கம் பூச்சிமருந்தும் பயிர் ஊக்கிகளும், எதிர்ப்பக்கம் கண்ணாடி அலமாரியில் காய்கறி விதைப் பொட்டலங்களும், கடைக்கோடியில் மாடிப்படிக்குக் கீழே நெல், உளுந்து, வேர்க்கடலை மூட்டைகளும் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விதை விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும். உரிமம் பிரேம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ரொக்கத்துக்கு வாங்கினால் ரசீது கேட்காமலே வருகிறது. பலகையும் இருக்கிறது, அதிலுள்ள விலைகள் எந்தப் பட்டத்தில் எழுதியவை என்பதை மட்டும் நாமே யூகித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற கடைகளைவிட இதை நான் விரும்புவதற்கு முதல் காரணம் சேமிப்பு. தக்காளி, மிளகாய், வெங்காய விதைகளின் பெரும்பகுதி குளிர்சாதனம் பொருத்திய உள்ளறையில் இருக்கிறது. அலமாரியில் இருப்பவை அன்றாட விற்பனைக்கு மட்டுமே. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் தகரக் கூரைக்கு அடியில் கிடக்கும் விதை என்ன பாடுபடும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெங்காய விதை இயல்பிலேயே ஆயுள் குறைந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உறையில் அச்சிட்ட தேதிக்கு முன்பே அதன் உயிர் போய்விடும். அந்தத் தேதியைக் கடைக்காரரே திருப்பிக் காட்டி, "இது அடுத்த மாசத்தோட முடியுது ஐயா, உடனே விடுறதா இருந்தா எடுங்க, இல்லன்னா புது லாட் வரட்டும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். விற்பவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

ஒரு தக்காளிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தச் சந்தையின் ஜாதகம் முழுவதும் அதில் இருக்கிறது. பத்து கிராம் எடை. ஏறத்தாழ மூவாயிரம் விதைகள். முன்பக்கம் செக்கச் சிவந்த பழத்தின் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் பயிர், இரகம், லாட் எண், பரிசோதனை செய்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, முளைப்புத்திறன், புறத்தூய்மை, இனத்தூய்மை, மருந்து நேர்த்தி செய்யப்பட்டது என்ற எச்சரிக்கை. தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 விழுக்காடு, மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. பலரும் கவனிக்காதது விவர அட்டையின் நிறம். நீல நிற அட்டை என்றால் அது சான்று விதை: விதைப்பயிர் வயலில் நிற்கும்போதே அதிகாரிகள் வந்து பார்த்து, கலவன், அதாவது வேற்று இரகச் செடி, நீக்கப்பட்டதா, மற்ற இரக வயல்களிலிருந்து விட வேண்டிய பயிர் விலகு தூரம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஆய்வகத்திலும் தேறிய விதை. பச்சை நிறம் என்றால் உண்மை நிலை விதை: அதன் தரத்துக்கு நிறுவனம் தானே பொறுப்பேற்று எழுதித் தருகிறது என்று பொருள். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் சான்று பெறுவதைக் கட்டாயமாக்கவில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட இரகங்களுக்கு விவர அட்டையை மட்டுமே கட்டாயமாக்கியது. அதனால் இந்தக் கடையின் கண்ணாடி அலமாரி மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய பச்சையாகவே இருக்கிறது. நிறுவனத்தின் சொல்லை நம்பித்தான் பல நூறு ரூபாய் கொடுத்துப் பத்து கிராம் வாங்குகிறோம். கிலோவுக்குக் கணக்கிட்டால் பல பத்தாயிரங்கள்.

இந்த நிலைக்கு நாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1963-இல் தேசிய விதைக் கழகம் தொடங்கப்பட்டபோது, விதைத் தொழில் என்றால் அரசுத் தொழில் என்பதே பொதுவான எண்ணம். அடுத்த ஆண்டே மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் மஹைகோ தனியார் நிறுவனமாகத் தொடங்கியது. 1965-இல் வீரிய ஒட்டுக் கம்பும், 1970-இல் குஜராத்தின் சூரத்திலிருந்து எச்-4 என்ற வீரிய ஒட்டுப் பருத்தியும் வந்தன. 1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை, வெளிநாட்டுக் காய்கறி, பூ விதைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நாம் இன்று அலமாரியில் காணும் பொட்டலங்களின் வரிசை அங்கிருந்துதான் நீள்கிறது. 2002-இல் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டது. அதற்குள் உலக அளவில் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கத் தொடங்கிவிட்டன. காய்கறி விதை நிறுவனமான செமினிஸ் 2005-இல் மான்சான்டோவிடமும், மான்சான்டோ 2018-இல் பேயரிடமும் சென்றன; அணைக்கட்டு விவசாயி அதே பெயரைச் சொல்லித்தான் இன்னமும் கேட்கிறார், முதலாளி இரண்டு முறை மாறியது அவருக்குத் தெரிய வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. விதை நன்றாக முளைத்தது, விளைச்சல் கூடியது, அதனால் திரும்ப வாங்கினார். வீரிய ஒட்டு விதைகள் வந்த பிறகு தக்காளியிலும் வெண்டையிலும் விளைச்சலும், காயின் ஒரே சீரான அளவும், வண்டியில் போய்ச் சேரும் தாக்குப்பிடிப்பும் கூடியிருப்பதை மறுப்பவர் மார்க்கெட்டுக்குப் போகாதவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த வளர்ச்சி எல்லாப் பயிருக்கும் ஒரே அளவில் வரவில்லை. கடையின் அலமாரியிலிருந்து மாடிப்படிக்கு நடக்கும் பத்தடி தூரத்தில் அது கண்கூடாகத் தெரிகிறது. ஓர் ஏக்கர் தக்காளிக்கு ஐம்பது கிராம் வீரிய ஒட்டு விதை போதும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிடலாம். அதே ஏக்கரில் வேர்க்கடலை போட ஐம்பது கிலோ பருப்பு வேண்டும். ஒட்டுத் தக்காளியில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் சிதறிவிடும், ஆகவே விவசாயி ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்கு வந்தே தீர வேண்டும். வேர்க்கடலையில் சென்ற பட்டத்து விளைச்சலையே விதையாக எடுத்துவைக்கலாம், கடைக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. நெல்லில் ஒரு கிலோ விதை நூறு கிலோ வரை பெருகும். வேர்க்கடலையில் பத்து கிலோவைத் தாண்டுவதே கடினம். பெருக்கவும் நாளாகும், சேமிக்க இடமும் அதிகம் வேண்டும், லாபமும் குறைவு, வாங்கியவர் திரும்பி வருவார் என்ற உறுதியும் இல்லை என்றால் எந்தத் தனியார் நிறுவனம் அதில் இறங்கும்? பழைய வட ஆற்காட்டு மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை நம்பியே பிழைத்தது. இன்றும் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அதன் பரப்பு சிறியதல்ல. அந்தப் பயிருக்குத்தான் நல்ல விதை எளிதில் கிடைப்பதில்லை.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி ஆடிப்பட்டத்துக்கு முன்பு இந்தக் கடையில் கேட்டதும், கடைக்காரர் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"ஏம்பா, மல்லாட்ட வெத நல்லதா இருக்குதா?"

"அம்மா, இது மண்டியில எடுத்தது. மொளைக்கும், ஆனா கேரண்டின்னு நான் சொல்ல மாட்டேன். தக்காளி வெதன்னா கேளுங்க, பில்லே போட்டுக் குடுக்கறேன்."

அவர் உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவரைப் பாராட்டலாம்; அந்த மூட்டையை விதை என்ற பெயரில் வைத்திருப்பதற்காகப் பாராட்ட முடியாது. அதில் நீல அட்டையும் இல்லை, பச்சை அட்டையும் இல்லை. எண்ணெய்க்குப் போக வேண்டிய கடலையைச் சலித்து, சூம்பல் பருப்பையும் உடைசலையும் நீக்கி, கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டி வைத்து விற்கிறார்கள். பருப்பாக உடைத்த கடலை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும். காயாக வைத்திருந்து, விதைப்புக்குச் சற்று முன்பு உடைப்பதே முறை. இங்கே எப்போது உடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. அந்த மூட்டையிலிருந்து வாங்கிவந்த பருப்பில் நூறை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்ததில் 62 முளைத்தன. வேர்க்கடலைக்குக் குறைந்தபட்சத் தரம் 70 விழுக்காடு. எட்டு எண்ணிக்கைதானே குறைவு என்று தோன்றலாம்; அந்தக் குறைவை ஈடுகட்ட ஏக்கருக்கு ஆறேழு கிலோ பருப்பு கூடுதலாகப் போட வேண்டும், அதன் பிறகும் வயலில் சொட்டை விழும், அந்தச் சொட்டையில் களை முளைக்கும், களையெடுக்கும் கூலி தனி. இந்தக் கடையில் வேர்க்கடலை விதை வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

அப்படியானால் வேறெங்கே போவது என்றால், வேளாண்மை விரிவாக்க மையம், அதாவது ஊரில் எல்லோரும் டெப்போ என்று சொல்லும் இடம். நெல்லுக்கு அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கோ 51, ஏ.டி.டி. 37 போன்ற இரகங்களில் நீல அட்டை போட்ட சான்று விதை மானிய விலையில் கிடைக்கிறது; 80 விழுக்காடு முளைப்புத்திறன் என்ற குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் தாண்டியே இருக்கிறது. எந்த மையத்தில் என்ன இருப்பு என்பதை உழவன் செயலியில் பார்க்கவும் முடிகிறது. டெப்போவின் சிக்கல் தரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மழை பெய்து, நிலம் பதமாகி, ஏர் பூட்டத் தயாரான பிறகு, வேர்க்கடலை விதை லோடு வந்துகொண்டிருக்கிறது என்ற பதில் கிடைப்பதும், வந்த மறுநாளே தீர்ந்துவிடுவதும் உண்டு. எந்த நெல் பட்டமானாலும் அரிசி ஆலைக்காரர் எந்த நெல்லைக் கேட்கிறாரோ அதைத்தான் விவசாயி போட விரும்புகிறார்; பி.பி.டி. 5204-ஐக் கேட்டுவந்தவரிடம் வேறு இரகத்தைக் கொடுத்து அனுப்பினால் அவர் நேராக மண்டி வீதிக்குத்தான் வருகிறார். கடைக்காரருக்கு இந்த விஷயத்தில் மூக்கு நீளம். எந்த நெல்லுக்கு ஆள் வரும் என்பது பட்டத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நெல் விதையில் அவர் தரும் பை சீல் வைத்தது, அட்டையோடு வருகிறது, விலை டெப்போவைவிட அதிகம். அவசரத்துக்குப் பாதகமில்லை.

இனி, இந்தக் கடையில் கிடைக்கவே கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணைக்கட்டுப் பகுதியின் இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023 பிப்ரவரியில் வேலூர் முள்ளு கத்தரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் புல்லியிலும் முள் குத்தும், ஆனால் குழம்பில் போட்டால் அதற்கு இணை கிடையாது. மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கத்தரிக்கு, மாவட்டத் தலைநகரின் விதைக்கடையில் ஒரு பொட்டலம் இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர் தோளைக் குலுக்கி, "அதெல்லாம் இலவம்பாடிக்காரங்க வீட்லயே வெச்சிருப்பாங்க ஐயா" என்றார். உண்மைதான். நல்ல செடியில் பழுக்கவிட்ட காயை அறுத்து, கழுவி, சாம்பல் தூவி நிழலில் காயவைத்து எடுத்துவைக்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடமும் தருகிறது: விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம், பாதுகாக்கப்பட்ட இரகத்தை மட்டும் வணிகப் பெயரிட்ட விதையாக விற்கக் கூடாது.

சேமிப்பது மட்டும் போதாது என்பதே இதில் உள்ள கவலை. கத்தரியில் பூச்சிகளால் அயல் மகரந்தச் சேர்க்கை ஓரளவு நடக்கும். பக்கத்து வயலில் ஒட்டுக் கத்தரி நின்றால், நாலைந்து தலைமுறையில் முள் குறையும், நிறம் மாறும், ருசியும் போகும். புவிசார் குறியீடு காயின் பெயரைக் காக்கிறது. விதையின் தூய்மையைக் காக்க அதில் ஏற்பாடு இல்லை. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தபோது நாட்டுக் கத்தரியின் பன்மை பற்றி நாடெங்கும் பேசினார்கள். அந்தப் பன்மையைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாக, விவர அட்டையோடு, முளைப்புத்திறன் சோதித்து விற்க யாரும் முன்வரவில்லை. விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. இலவம்பாடி விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து, விலகு தூரம் விட்டு விதைப்பயிர் போட்டால், உரிமம் எடுத்து இதே அலமாரியில் வைத்து விற்க முடியும். கடைக்காரரும் வைத்துக்கொள்ள மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பொறுத்தவரை, கடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். இங்கே வாங்கிய ஒரு மிளகாய் விதையில், செடி பூக்கும் பருவத்தில் கலவன் தெரிந்தது. ஒரே பாத்தியில் குட்டையும் நெட்டையுமாக, காய் சில செடிகளில் வானம் பார்த்தும் சிலவற்றில் தொங்கியும் நின்றன. கடைக்காரர் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்குப் பேசினார். அவர் அதோடு நிறுத்தவில்லை, தானே வயலுக்கும் வந்து பார்த்தார். நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, படம் எடுத்து, தட்பவெப்பத்தைக் காரணம் சொல்லிவிட்டுப் போனார். வெயிலால் செடி வாடலாம், பூ உதிரலாம். ஒரே பாத்தியில் இரண்டு சாதிக் காய் காய்க்காது. அதன் பிறகு பதில் எதுவும் இல்லை.

நிறுவனங்களுக்கு அவ்வளவு பயம் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. 1966-ஆம் ஆண்டின் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். அந்தத் தொகைக்கு இன்று பத்து கிராம் தக்காளி விதை வாங்குவதே சந்தேகம். சட்டத்தை மாற்ற 2004-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவே இல்லை. 2025 நவம்பரில் புதிய வரைவு கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. விதையின் பூர்வீகத்தைக் கியூஆர் குறியீட்டில் காட்டும் சாத்தி என்ற மத்திய அரசின் தளம் 2023-இல் தொடங்கப்பட்டது. இந்தக் கடையின் பொட்டலங்களில் அந்த வகைக் குறியீடுகள் தென்படத் தொடங்கியிருக்கின்றன, வாங்குபவர்களில் அதைப் படம் பிடித்துப் பார்ப்பவரை நான் இதுவரை காணவில்லை. விவசாயிக்கு இன்று உண்மையில் கைகொடுப்பது நுகர்வோர் ஆணையம்தான். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; விதைத்த பிறகு சோதனைக்கு விதையை எங்கிருந்து கொடுப்பான் என்ற நியாயமும் அந்தத் தீர்ப்பில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே கிழித்த பொட்டலத்தை எறியாமல், அட்டையோடும் ரசீதோடும் அறுவடை முடியும்வரை வைத்திருப்பது அவசியம்.

இங்கேதான் இந்தக் கடையின்மேல் எனக்குள்ள முக்கியமான குறை வருகிறது. ரொக்கத்துக்கு ரசீது தரும் கடைக்காரர், கடனுக்கு வாங்குபவருக்கு நோட்டில் மட்டும் எழுதிக்கொள்கிறார். கணக்கு தீரும்போதுதான் பில். அதற்குள் பட்டமே முடிந்துவிடும். விதை தவறினால் ரசீது இல்லாதவர் எங்கேயும் போய் நிற்க முடியாது, கடன்காரராக இருப்பதால் கடைக்காரரிடம் குரலை உயர்த்தவும் முடியாது. கடனில் வாங்கினால் எம்.ஆர்.பி. விலை முழுதாக, ரொக்கம் என்றால் சற்றே குறைகிறது. எந்த மருந்து அடிப்பது என்ற தேர்வும் அந்த நோட்டோடு சேர்ந்து கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. சிறு விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் உரிய நேரத்தில் கிடைத்தால் இந்த நோட்டுக்கு வேலை இருக்காது. அதுவரை, கடனுக்கு வாங்கினாலும் லாட் எண் எழுதிய ரசீதை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டவருக்கு அவர் மறுத்து நான் பார்த்ததில்லை, கேட்பவர்தான் குறைவு.

விதைப் பொட்டலத்தைக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரிந்த நாற்றுப் பண்ணையில் 98 குழிகள் கொண்ட தட்டுகளில் நாற்று வளர்த்துத் தரவும் ஏற்பாடு செய்கிறார்கள். தக்காளிக்கு 25 நாளில் நாற்று வீடு வந்துசேர்கிறது. சேதம் குறைவு, வேர் நன்றாகப் பிடித்திருக்கும். பொட்டலத்தை நம் கண்முன் பிரித்துப் போடச் சொல்லி, காலி உறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பண்ணையில் ஏற்கெனவே தயாராக நிற்கும் நாற்றை வாங்கினால் அது எந்த லாட் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இருக்காது.

காய்கறி விதைக்கு இந்தக் கடை தாராளமாகத் தகும். நெல்லுக்கு டெப்போவில் கிடைக்காதபோது வரலாம். வேர்க்கடலைக்கும் உளுந்துக்கும் டெப்போவில் முன்கூட்டியே பெயர் பதிந்துவைப்பது நல்லது, அல்லது சொந்த விளைச்சலில் காயாகவே எடுத்துவைத்து, விதைப்பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது, பேசிப் பார்த்து வாங்க முடியாது. வண்டியை மண்டி வீதியில் நிறுத்த நினைக்காதீர்கள். கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.